அப்பாவின் மாட்டை விற்கச் சொல்வது சரியா?

ஓசூர் மகள்:
எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது, அம்மா இல்லை. ஒரு கறவை மாடு, இரண்டு வெள்ளாடு, வாசலில் ஒரு நாய், இவற்றோடுதான் அவருக்குப் பொழுது விடிந்து பொழுது சாய்கிறது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஓசூருக்கு வந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை என்று காரில் கூட்டிப்போகிறேன், பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருங்கள் என்று அண்ணன் பிடிவாதமாக நிற்கிறான். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. போன முறை ஒகேனக்கல்லில் தொங்குபாலத்தில் நின்று நாங்கள் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் தாண்டிவிட்டதாம். அவர் சந்தோஷம் தொழுவத்தில் இருக்கிறது. வயசான காலத்தில் பெற்றவர்களை நம் ரசனைக்கு இழுத்துக்கொண்டு அலைகிறோம் என்பது என் கருத்து. மாறுபடுகிறவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:
நான் மாறுபடுகிறேன். அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு மணி பார்த்தார் என்றால் அதற்குப் பெயர் கவலை. அந்த மாடு அவரை ஒரு பகல் கூட விடவில்லை என்றுதான் எனக்குத் தெரிகிறது.

எங்கள் அப்பாவும் வீட்டை விட்டு அசையாதவர்தான். வற்புறுத்திப் பரிசலில் ஏற்றினோம். உட்கார்ந்ததும் முதல் வேலையாக மூங்கில் பின்னலைத் தடவிப் பார்த்தார், அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சாக்கைத் தட்டிப் பார்த்தார், அப்புறம் அந்தக் காலத்தில் தோல் போர்த்திய பரிசல் எப்படி இருக்கும், ஈரம் ஏறினால் எப்படிக் கனக்கும், தாத்தா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் நடந்தது என்று பேச ஆரம்பித்தவர் மறுகரை வரை நிறுத்தவே இல்லை. வீட்டில் இருந்திருந்தால் இதில் ஒரு வார்த்தை எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கூட்டிப்போகாதீர்கள், நீர்வரத்து ஏறினால் பரிசலையே நிறுத்திவிடுவார்கள், அதையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அரூர் அக்கா:
மாடு என்றால் சந்தோஷம் என்று ஆண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மகள்களும் சொல்கிறார்கள். சாணி அள்ளியது யார், விடியற்காலையில் கறந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனது யார், உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கூட ராத்திரி தங்காமல் ஓடி வந்தது யார்? எங்கள் வீட்டில் நான்தான். மாட்டை விற்ற பிறகுதான் தங்கச்சியோடு தீர்த்தமலைக்குப் போனேன், அவசரமில்லாமல் ஏறி, அவசரமில்லாமல் இறங்கினேன். உங்கள் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள் கண்ணு. உழைப்பையும் பொழுதுபோக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை தம்பி:
எங்கள் பக்கம் இந்தப் பேச்சே வேறு. ராகி முற்றும் சமயத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி வழியாக வந்து தை வரைக்கும் சுற்றும். 2014-ல் காவிரி வடக்கு சரணாலயம், 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம் என்று அறிவித்திருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் யானைக்கு எல்லைக்கல் தெரியாது. காட்டோரத்தில் வயசானவர் தனியாக ஆடு ஓட்டிப்போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காவேரிப்பட்டணம் என்றால் வைத்துக்கொள்ளட்டும்.

பாலக்கோடு பெரியவர்:
நான் உங்கள் அப்பா வயசுக்காரன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு ஜோடி ஆலம்பாடி காளை வைத்து உழுதவன். முட்டி விட்டுக்கொடுத்ததும் மாடுகளைக் கொடுத்துவிட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் என் கிணற்று மேட்டு ஈச்சமரத்தை நான் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. மழைக்காலம் வந்தால் தூக்கணாங்குருவி அங்கேதான் கட்டும். ஆண் குருவி நெல் தோகையை நீள நீளமாகக் கிழித்துக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுப் பின்னும். பாதிக் கூடு ஆனதும் பெட்டை வந்து உள்ளே உட்கார்ந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் ஆண் அடியில் நீளமாக வாசல் இறக்கி முடிக்கும், பிடிக்கவில்லை என்றால் கூடு அப்படியே அரைகுறையாகத் தொங்கும், அது பக்கத்துக் கிளையில் புதிதாக ஆரம்பித்துவிடும். என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எந்தக் கூடு தேறியது என்றுதான் முதலில் கேட்கிறாள்.

ஆகவே மகளே, மாடு போனால் அப்பாவுக்கு ஒன்றுமே இருக்காது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அதே சமயம் மண்ணும் மரமும் இல்லாத மாடி வீட்டில் கொண்டுபோய் அடைத்தால் நான் உங்கள் அண்ணனோடுதான் சண்டை போடுவேன். ஊரிலேயே இருக்கட்டும், பாரத்தை மட்டும் குறையுங்கள். பாரூர் ஏரி பக்கத்தில்தானே இருக்கிறது? ஒரு காலை நேரம் கூட்டிப்போய் கரையில் உட்கார வையுங்கள். நீர்க்காகம் முங்கி எழுந்து இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓசூர் மகள்:
அரூர் அக்கா சொன்னது சுருக்கென்று தைத்தது. அம்மாவிடம் இதை யாரும் கேட்டதில்லை.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாப் பதிலையும் வாசித்துக் காட்டினேன். மாடு சினையாக இருக்கிறது, தை மாதம் ஈனும், ஈன்ற பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடலாம், ஆடு மட்டும் இருக்கட்டும் என்கிறார். ஒகேனக்கல் வேண்டாமாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி அணைக்குப் போகலாம் என்று அவராகவே சொன்னார். 1957-ல் காமராஜர் திறந்துவைத்த அணை அது, கட்டும்போது எங்கள் ஆயா அங்கே கல் சுமந்திருக்கிறார், அப்பா கைக்குழந்தை, மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்தாராம். இத்தனை வருஷத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. அண்ணனையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஓசூருக்குக் குடிபெயர்க்கும் பேச்சை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பென்னாகரத்தான்:
பால் மாட்டைக் கன்று போட்ட பிறகு கொடுக்க யாருக்கு மனசு வரும்? தை தாண்டினால் மாசி என்பார், அப்புறம் பங்குனி. விலையை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

அரூர் அக்கா:
சினை மாட்டை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தாதீர்கள் தம்பி. ஓசூர் மகளே, ஈனுகிற வாரம் அப்பாவைத் தனியாக விடாதீர்கள், ராத்திரியில்கூட வலி எடுக்கலாம். அண்ணனை லீவு போட்டு வந்து தொழுவத்தில் படுக்கச் சொல்லுங்கள், கால்நடை டாக்டர் நம்பரையும் முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.