ஆலயக் கல்லில் இருப்பது 1884-ஆ, 1886-ஆ? பழைய வெஸ்லியன் ஆலயத்தின் வயதைக் கண்டறிவது எப்படி?

டெல்டா_சபை:

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர் ஆலயம் பற்றிய கேள்வி இது. இங்கிலாந்து மெதடிஸ்ட் பிரிவான வெஸ்லியன் மிஷன் கட்டியது. 1947-க்குப் பிறகு அது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். ஆண்டுவிழா மலருக்கு வரலாறு எழுத வேண்டும். ஆனால் கட்டிய ஆண்டு எது என்பதிலேயே சபையில் நாலு கருத்து.

வாசலுக்கு இடப்புறம் உள்ள மூலைக்கல்லில் ஆண்டு தமிழ் எண்களில் வெட்டியிருக்கிறது. முதல் மூன்று எண்கள் ௧௮௮ என்று தெளிவு. கடைசி எண் தேய்ந்துவிட்டது. 4 என்கிறார்கள் சிலர், 6 என்கிறார்கள் சிலர். மணியில் 1871. கூரை ஓட்டின் அடியில் 1865. கையில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடோ 1903-ல்தான் தொடங்குகிறது.

எந்த ஆண்டை எடுப்பது? ஆதாரம் எங்கே தேடுவது? இன்னொன்று: மலர் வெளியீட்டுக்கு முன் சுவர் முழுக்க சிமெண்ட் பூசி, கல்லுக்கும் பெயின்ட் அடித்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. அதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டுமா?

கல்லெழுத்து:

முதலில் கல்லுக்குப் பெயின்ட் அடிப்பதை நிறுத்துங்கள். எழுத்துக்குள் கறுப்பு தீட்டுகிற ஆள் தனக்குத் தெரிந்த வடிவத்தைத்தான் தீட்டுவார். தீட்டிய பிறகு 4-தான் என்று முடிவாகிவிடும். உள்ளே 6 இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழ் எண்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். ௪ பார்வைக்கு 'ச' மாதிரி, ௬ 'சு' மாதிரி. 'சு'வின் அடிக்கொக்கி தேய்ந்தால் 6 என்பது 4 ஆகத் தெரியும். அதேபோல் ௯-இன் வால் தேய்ந்தால் ௧ ஆகிவிடும். தேய்மானத்தால் கோடு போகுமே தவிரப் புதிதாக முளைக்காது. ஆகவே கொக்கியின் சுவடு கொஞ்சம் தெரிந்தாலும் அது ௬-தான். சுவடே இல்லை என்றால் மட்டும் உடனே 4 என்று முடிவு கட்டாதீர்கள். கல்லின் அந்தப் பகுதி பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கற்களில் ஆயிரம், நூறு, பத்துக் குறிகளையும் சேர்த்து ௲௮௱௮௰௪ என்று வெட்டுவதுண்டு. உங்களுடையதில் இடக்குறி இல்லாததால் வாசிப்பு எளிது.

பார்க்கும் முறை: இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும். நேர் எதிரே பிளாஷ் அடித்தால் பள்ளமெல்லாம் மறைந்துவிடும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என நாலு பக்கமும் மாற்றி நாலு படம் எடுங்கள். ௬-இன் கொக்கி கீழே வருவதால், மேலிருந்து கீழாக விழும் வெளிச்சத்தில்தான் அநேகமாகப் பிடிபடும்.

சுண்ணாம்பு வெள்ளை அடைத்திருந்தால் மூங்கில் குச்சியும் மெல்லிய பிரஷும் வெறும் தண்ணீரும் போதும். ஆசிட் கூடவே கூடாது. கம்பி பிரஷும் வேண்டாம். மைப்படி (கல்லெழுத்தை மை தடவித் தாளில் எடுக்கும் படி) எடுக்கப் பழக்கமான ஆள் இல்லையென்றால், மெல்லிய தாளைக் கல்லின் மேல் ஒட்டிப் பிடித்து மெழுகு கிரேயானைப் படுக்கைவசமாகத் தேயுங்கள்.

கல் இப்போது இருக்கும் இடம்தானா முதலில் இருந்த இடம் என்பதையும் பாருங்கள். ஆலயத்தை நீட்டும்போது பழைய கல்லைப் பெயர்த்துப் புது முகப்பில் பதிப்பது வழக்கம். கல்லைச் சுற்றியுள்ள காரை சுவரின் காரையோடு ஒத்துப்போகிறதா, செங்கல் வரிசை கல்லின் ஓரத்தில் உடைபட்டிருக்கிறதா என்பது சொல்லிவிடும். மூலைக்கல் ஆண்டு அஸ்திவாரம் போட்ட ஆண்டு. பிரதிஷ்டை ஆண்டு அதற்கு ஓரிரு வருஷம் தள்ளியும் இருக்கலாம்.

பழைய_பதிவேடு:

மணி, ஓடு, கல், பதிவேடு நாலும் நாலு தனித்தனிச் செய்திகள். ஒரே ஆண்டுக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். சபை கூடத் தொடங்கியது, நிலம் கிடைத்தது, இந்தக் கட்டிடம் எழுந்தது, இன்றைய கூரை வந்தது என்று மலரில் தனித்தனியாகவே எழுதுங்கள். அப்படி எழுதினால் பாதிச் சண்டை தானே தீர்ந்துவிடும்.

பின்னணிக்கு ஒரு வரி. வெஸ்லியன் மிஷனரிகள் 1814-இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பணி செய்த ஸ்குவான்ஸ் 1820களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் வந்தார். டெல்டாவின் சிற்றூர்ச் சபைகள் அந்த நாகப்பட்டினம், மன்னார்குடி நிலையங்களிலிருந்து கிளைத்தவை. 1903-க்கு முந்தைய ஞானஸ்நானங்கள் உங்கள் ஊரில் கிடைக்காததற்குக் காரணம் அங்கேதான் இருக்கும்: சர்க்யூட்டின் (பல சபைகள் சேர்ந்த வட்டத்தின்) தலைமை நிலையத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். மன்னார்குடியிலும் நாகப்பட்டினத்திலும் 1870 முதல் 1903 வரையுள்ள ஏடுகளில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டைவிடக் கட்டிடத்துக்கு உதவுவது திருமணப் பதிவேடு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு, திருமணம் எந்த இடத்தில் நடந்தது என்றும் எழுதினார்கள். 'மிஷன் ஸ்கூல்' என்று இருப்பது எந்தத் தேதியிலிருந்து 'சாப்பல்' (சிற்றாலயம்) என்று மாறுகிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்திலேயே ஞாயிறு ஆராதனை நடத்திவிட்டுப் பிறகு ஆலயம் கட்டிய ஊர்கள் நிறைய.

லீடர்ஸ் மீட்டிங் (சபைப் பொறுப்பாளர் கூட்டம்) புத்தகமும் சபைக் கணக்கும் பீரோவில் கிடந்தால் அதுதான் புதையல். கீற்று, பனங்கை, ஓடு, சுண்ணாம்பு என்று செலவு எழுதியிருக்கும். கீற்றுச் செலவு நின்று ஓட்டுச் செலவு வருகிற வருஷம் கூரை மாறிய வருஷம்.

வெளியே தேட வேண்டியவை:

மிஷன் தலைமையகத்துக்குப் போன கடிதங்களும் சினோட் (டிஸ்ட்ரிக்ட் எனும் மிஷன் வட்டாரத்தின் ஆண்டுக் கூட்டம்) குறிப்புகளும் லண்டனில் சோவாஸ் (ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி) நூலகத்தில் உள்ளன. 1978 முதல் அங்கே இருக்கின்றன. டிஸ்ட்ரிக்ட் வாரியாகவும் வருஷ வாரியாகவும் அடுக்கியவை. உங்கள் பகுதி முதலில் மெட்ராஸ் டிஸ்ட்ரிக்டில் இருந்து பிறகு நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளி டிஸ்ட்ரிக்டாகப் பிரிந்தது. ஆகவே இரண்டு பெட்டிகளையும் கேளுங்கள். 'எங்கள் ஆலயம் பற்றி எல்லாம் வேண்டும்' என்று எழுதினால் பதில் வராது. '1883 முதல் 1888 வரை, இன்ன சர்க்யூட்' என்று குறுக்கிக் கேளுங்கள். பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் ஆவணக் காப்பகத்தையும் விடாதீர்கள். மிஷனின் அச்சிட்ட மாத அறிக்கை 1816 முதல் வந்தது. பல தொகுதிகள் ஸ்கேனாக இணையத்தில் இலவசம். ஆலயத் திறப்புகள் பற்றிய செய்திகள் அதில் வரும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு பொறி இருக்கிறது. திருவாரூரும் சென்னைக்கு அருகே உள்ள திருவள்ளூரும் பழைய ஆங்கில ஏடுகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். இரண்டு இடத்திலும் வெஸ்லியன் பணி இருந்தது. பக்கத்தில் இக்காடு என்றோ கௌடி என்ற மிஷனரி பெயரோ வந்தால் அது திருவள்ளூர். நெகபட்டம், மனார்குடி என்று வந்தால் உங்கள் பக்கம்.

நிலத்துக்கு: சர்வே எண்ணை வைத்து ஏ-ரிஜிஸ்டரும் (கிராம நிலப் பதிவேடு) புலப்பட (நில அளவு வரைபடம்) நகலும் வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பழைய காலத்தைத் தொடாது; சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடும் மனு போட வேண்டும். நிலம் இனாமாக (மானியமாக) வந்ததாகப் பேச்சு இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடு. மூலப்பத்திரத்தின் நகல் திருச்சி–தஞ்சாவூர் திருமண்டல அலுவலகத்தில் இருக்க வாய்ப்புண்டு. சொத்து இப்போது சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் (திருச்சபைச் சொத்துகளை வைத்திருக்கும் அமைப்பு) பெயரில் இருக்கும் என்பதால், 1947-க்கு முந்தைய பெயரிலும் தேடச் சொல்லுங்கள்.

தேதி இல்லாத பலகை, நாற்காலி, முத்திரை எது கிடைத்தாலும் பெயரைப் பாருங்கள். 'வெஸ்லியன்' என்று இருந்தால் பெரும்பாலும் 1932-க்கு முந்தையது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றான பிறகு 'மெதடிஸ்ட்' என்று மட்டும் வரும். 27 செப்டம்பர் 1947-க்குப் பிறகு சி.எஸ்.ஐ. இன்று 'மெதடிஸ்ட் திருச்சபை' என்று போர்டு வைத்திருப்பவை பெரும்பாலும் அமெரிக்க வழி வந்தவை. அவற்றின் பழைய ஏடுகள் நியூ ஜெர்சியில் ட்ரூ பல்கலைக்கழகத்தில் தேட வேண்டும். உங்களுக்கு அந்த வழி உதவாது.

சுண்ணாம்புக்காரை:

ஓட்டில் உள்ள 1865-ஐ நம்பிவிடாதீர்கள். மங்களூரில் பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மிஷன்) ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பிறகு வந்த ஓடுகளிலும் அந்த எண்ணைத்தான் அச்சிட்டார்கள். அல்புகர்க் கம்பெனி ஓட்டில் வரும் 1868-உம் இதே கதை. ஆகவே ஓடு சொல்வது ஒன்றுதான்: இந்தக் கூரை 1865-க்கு முன் வந்ததல்ல. பாசல் மிஷன் ஆலைகள் முதல் உலகப்போருக்குப் பின் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. அந்தப் பெயருள்ள ஓடுகள் கிடைத்தால் அவை 1920-ஐ ஒட்டியோ பிறகோ போட்டவை. ஒரே கூரையில் பல பெயர் கலந்திருக்கும். பக்கத்துக்கு இருபது ஓடாவது புரட்டிப் பார்த்து எந்தப் பெயர் அதிகம் என்று குறியுங்கள். ஓரத்தில் உள்ளதை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். புயலில் பறந்து மாற்றியவை அங்கேதான் இருக்கும்.

மணியும் அப்படியே. 1871 வார்த்த ஆண்டு. பழைய பள்ளியிலோ வேறு நிலையத்திலோ தொங்கியது பிறகு வந்திருக்கலாம்.

கட்டிடத்திலேயே இன்னும் தேடலாம். பக்கச் சுவரின் மேல்பகுதியில் சீரான இடைவெளியில் அடைத்த ஓட்டைகள் தெரிந்தால் அங்கே முன்பு உத்திரம் உட்கார்ந்திருந்தது. முதலில் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தட்டைக் கூரை) இருந்து பிறகு ஓடு போட்டிருக்கலாம். இரும்பு உத்திரம் இருந்தால் பெயர் பாருங்கள்: 'டாட்டா' என்றிருந்தால் 1912-க்குப் பின். போர்ட்டிகோவின் செங்கல் வரிசை ஆலயச் சுவருக்குள் பல்லுப் பிடித்து ஏறாமல் வெறுமனே ஒட்டி நின்றால் அது பின்னால் சேர்த்தது.

இந்தத் தடயங்கள் எல்லாம் சிமெண்ட் பூச்சுக்குள் போய்விடும். அதைவிடப் பெரிய கேடு: சிமெண்ட் பூச்சு பழைய சுவரை அரித்துவிடும். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பக்கவாட்டில் வெளியே விடுகிறது. மேலே சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளே நின்று ஏறும். டெல்டா மண்ணின் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகும். செங்கல் மாவாக உதிரும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும், செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. பிளாஸ்டிக் எமல்ஷனும் இதே வேலையைத்தான் செய்யும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் வெளியே தரையைப் பாருங்கள். சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டு மண் உயர்ந்திருந்தால், அதை எடுத்துப் பீடமட்டத்துக்கு (கட்டிடத்தின் அடித்தள மட்டத்துக்கு) அரை அடியாவது கீழே இறக்கி, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள். இதைச் செய்யாமல் என்ன பூசினாலும் வீண். சுவரில் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டித் தாளில் அள்ளுங்கள். கழுவினால் திரும்ப உள்ளே போகும்.

பழைய சிமெண்ட் ஒட்டுகளை உளி சுத்தியலால் கையாலேயே எடுக்க வேண்டும். பிரேக்கர் மிஷின் வைத்தால் மூட்டெல்லாம் அசைந்துவிடும். மூட்டுகளை 15–20 மி.மீ. ஆழம் சுரண்டி, முந்தின நாளே சுவரை நனைத்துவையுங்கள். கலவைக்கு நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஈரம் அதிகமான அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, மணல் 2. மணல் உப்பில்லாததாக இருக்க வேண்டும், எம்-சாண்ட் என்றால் தூளைச் சலித்துவிட்டு. கடுக்காய் நீர் சேர்க்கலாம். வெல்லம் கூடினால் பூசணம் பிடிக்கும். ஒரு பூச்சு 12 மி.மீ.-க்கு மேல் போனால் வெடிக்கும். தடிமன் வேண்டுமென்றால் இரண்டு பூச்சாகப் போடுங்கள். ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பத்து நாள் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மூன்று கை. வடக்குச் சுவரில் ஒரு சதுர மீட்டர் மட்டும் முதலில் பூசி ஒரு மாதம் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

பூசும் முன் உள்சுவரில் மூன்று இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளையை அடுக்கு அடுக்காகச் சுரண்டிப் படம் எடுத்துவையுங்கள். பழைய நிறங்கள், சுவரில் எழுதிய வசனங்கள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டெல்டா_சபை:

மூவருக்கும் மிக்க நன்றி. டார்ச்சை மேலிருந்து பிடித்ததும் கடைசி எண்ணின் அடியில் இடப்பக்கம் வளைந்த ஒரு பள்ளம் தெரிகிறது. நாலு படத்தில் இரண்டில் இருக்கிறது. சிமெண்ட் வேலையைக் கமிட்டி இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறது.

இன்னொரு சந்தேகம். கிழக்குச் சுவரின் நடுவில், இன்று ஆல்ட்டர் இருக்கும் இடத்தில், தரைக் கல்லில் ஆறு சதுரக் குழிகள் அரைவட்டமாக இருக்கின்றன. பிரசங்க பீடம் இப்போது இடப்பக்கம். அந்தக் குழிகள் என்ன?

கல்லெழுத்து:

இரண்டு படத்தில் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்தால் அது ௬. 1886 என்று எழுதலாம். படத்தையும் மலரில் போடுங்கள். பிரதிஷ்டைக்கு 1886–88 கடிதங்களைக் கேளுங்கள்.

பழைய_பதிவேடு:

குழிகள் பழைய நற்கருணைக் கிராதியின் (தடுப்புக் கம்பி வேலியின்) தூண்கள் நின்ற இடமாக இருக்கும். வெஸ்லியன் சாப்பலில் பிரசங்க பீடம் நடுவில், சபைக்கு நேர் எதிரே. அதன் முன்னால் சிறிய மேஜை. சுற்றிலும் முழந்தாளிடும் கிராதி. 1947-க்குப் பின் பல ஆலயங்களில் ஆல்ட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து பீடத்தை ஓரம் தள்ளினார்கள். குழிகளுக்குப் பின்னால், சுவரில் ஓர் ஆள் உயரத்தில் அடைத்த ஓட்டையோ கொக்கியோ இருக்கிறதா பாருங்கள்; உயர்ந்த பீடம் சுவரோடு பிணைத்திருந்தால் அந்த அடையாளம் நிற்கும். குழிகளின் இடைவெளியை அளந்து தரை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். மேலே கிரானைட் பதிக்கும் யோசனை இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பழைய கிராதியின் தேக்குத் தூண்கள் வெஸ்ட்ரியிலோ (ஆயர் அறையிலோ) பள்ளிக்கூடப் பரணிலோ கிடக்கக்கூடும். அடிப்பகுதி அந்தக் குழியில் பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள்.