தகயாசு நோய்: கைக்கு ஒரு பிரஷர் காட்டினால் எதை நம்புவது?

கயல்: தங்கைக்கு 27 வயது. தகயாசு (பெரிய ரத்தக் குழாய்கள் அழற்சியால் சுருங்கும் நோய்) என்று சிடி ஆஞ்சியோ என்னும் ரத்தக்குழாய் ஸ்கேனில் உறுதியாகிவிட்டது. இடது கையில் நாடியே சரியாகக் கிடைப்பதில்லை, பிரஷர் 98/64. வலது கையில் 138/86. பக்கத்து கிளினிக்கில் இடது கையில் பார்த்துவிட்டு, "லோ பிரஷர், மோரில் உப்பு போட்டுக் குடிங்க" என்கிறார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு 40 மி.கி. ஓடுகிறது. இந்த வயதில் மாரடைப்பு, பக்கவாதம் வருமா? ஆஸ்பிரின் தொடங்கலாமா?

கார்டியாலஜி ஸ்டாஃப் நர்ஸ்: உப்பு மோரை இன்றே நிறுத்துங்கள். காறை எலும்புக்கு அடியில் போகும் ரத்தக் குழாய் சுருங்கியதால் கைக்கு ரத்தம் குறைவாக வருகிறது, அதனால்தான் 98. இதயமும் மூளையும் வாங்கும் அழுத்தம் அதுவல்ல. சிறுநீரகக் குழாயும் சுருங்கியிருந்தால் உள்ளே பிரஷர் எகிறிக்கொண்டே இருக்கும், கையில் தெரியாது. இந்த நோயில் இளவயதிலேயே பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் வர இது பெரிய காரணம்.

வலது கையையும் அப்படியே நம்பவேண்டாம். 5 நிமிடம் படுக்கவைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டையைக் கட்டி மேல் எண்ணை மட்டும் பாருங்கள். கையைவிட 10 முதல் 20 வரை கூடுதலாக இருப்பது இயல்பு. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அது மறைந்திருக்கும் உயர் பிரஷரின் அடையாளமாக இருக்கலாம்.

மருந்தாளுநர்: மாரடைப்பும் பக்கவாதமும் இந்த வயதிலும் வரலாம், அதற்குக் கொழுப்பு மட்டும் காரணமில்லை. அழற்சி இதயக் குழாயின் வாயையே அடைக்கலாம், கழுத்துக் குழாயையும் சுருக்கலாம். ஸ்டெராய்டு தன் பங்குக்குப் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஏற்றும். அதற்காகத் திடீரென நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டுவிடும், படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

ஆஸ்பிரின் 75 மி.கி. எல்லாருக்கும் கிடையாது. மூளைக்குப் போகும் குழாய்களில் கடும் சுருக்கம் இருந்தால் டாக்டர் சேர்ப்பார். ஸ்டெராய்டோடு சேரும்போது வயிற்றுப்புண் வரலாம் என்பதால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் எழுதுவார்கள். உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் கெடும்.

கயல்: கணுக்காலில் 184 வருகிறது. மூன்று தடவை பார்த்தோம். ஆஞ்சியோபிளாஸ்டி (சுருங்கிய குழாயைப் பலூனால் விரிப்பது) செய்தால் சரியாகிவிடுமா?

கார்டியாலஜி ஸ்டாஃப் நர்ஸ்: கைக்கும் காலுக்கும் 46 வித்தியாசம். வலது கைக் குழாயும் சுருங்கியிருக்கலாம். அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் நாளையே ருமட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய்கள்) டாக்டரிடம் எண்களைக் காட்டுங்கள். சிறுநீரகக் குழாய், கழுத்துக் குழாய் டாப்ளர் (ரத்த ஓட்ட ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள்: கழுத்துக் குழாய் சுருங்கியவருக்குப் பிரஷரை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்கு ரத்தம் போதாது.

பலூன், ஸ்டென்ட் எல்லாம் அழற்சி அடங்கிய பிறகு. கனன்றுகொண்டிருக்கும்போது செய்தால் அதே இடம் மறுபடி அடைத்துக்கொள்ளும். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி நார்மல் என்பதை மட்டும் வைத்து அடங்கிவிட்டது என்று சொல்லமுடியாது, ஸ்கேனும் வேண்டும்.

மருந்தாளுநர்: ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை எழுதினால், இரண்டு சிறுநீரகக் குழாயும் சுருங்கவில்லை என்று தெரிந்த பிறகா என்று கேளுங்கள். தொடங்கி 1–2 வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டுவது), பொட்டாசியம் பார்க்கவேண்டும். கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த மருந்து அப்போது ஆகாது.

வாய் கோணல், ஒரு பக்கக் கை தளர்வு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே 108. ரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வழக்கமான வரம்பு. எந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள்.