சாக்கெட் கேட்டேன், குழாய்த் துண்டு தந்தார்கள்: இன்றிரவுக்குள் உதவி தேவை

நெல்லையிலிருந்து வந்தவள்: கொழும்பு வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்றுக்குக் குடிவந்து மூன்று நாள் ஆகிறது. சாக்கெட் பொருந்தவில்லை. காலி வீதிக் கடையில் கேட்டதற்கு அரை அங்குலப் பிவிசி குழாய்த் துண்டைக் கையில் வைத்தார்கள். இரவுக்குள் வேண்டும்.

கொட்டாஞ்சேனை: கணினி வேலைக்கு வந்தவரா, தங்கச்சி? சொக்கெட் இணைப்பு மறுக்கப்படுகிறதென்றால் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் சரிதானா, மறுமுனையில் சேவையகம் ஓடுகிறதா என்று பாருங்கள். வந்த முதல் மாதம் இதற்காக இரண்டு இரவு விழித்திருந்தேன்.

தெஹிவளை அக்கா: செயற்கைக் காலா, பிள்ளை? எஞ்சிய கால் உள்ளே இறங்கும் கிண்ணத்தையும் சொக்கெட் என்றுதான் சொல்வார்கள். அப்பாவுக்கு முதல் மாதங்களில் கால் சுருங்கச் சுருங்க அது தளர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் காலுறை போட்டுச் சமாளித்தோம். தோல் சிவந்து நின்றால் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெல்லையிலிருந்து வந்தவள்: மன்னியுங்கள், அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. நெபுலைசர் ஊரில் வாங்கியது. அதன் பிளக்கில் மூன்று உருண்டைக் கம்பிகள். சுவரில் சதுரத் துளைகள்.

பம்பலப்பிட்டி: மேல் துளையில் பேனாவை அழுத்திக்கொண்டு செருகுங்கள். நான் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அதைவிட வீட்டு முற்பணத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரு வருட வாடகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, ஒழுகும் கூரையைக் காட்டினார்கள்.

கொட்டாஞ்சேனை: என்னிடமும் அப்படித்தான். ரசீதும் தரவில்லை.

மின்வேலை செய்பவர்: வாடகையைப் பிறகு பேசலாம். தங்கச்சி, பேனாவைத் தொடாதீர்கள். நீளமான எர்த் முனை உள்ளே போனால்தான் மற்ற இரு துளைகளின் மூடி விலகும்; குழந்தையின் விரலோ கம்பியோ மின்சாரத்தைத் தொடாமலிருக்கவே அந்த ஏற்பாடு. உருண்டைக் கம்பி அங்கே இறுக்கமாக உட்காராது. சூடேறிக் கருகிய சுவர்ப் பொயின்ட்டுகளை எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

மின்னழுத்தம் அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இயந்திரத்துக்குப் பழுது வராது, டிரான்ஸ்போமர் வேண்டாம். கடையில் சொக்கெட் என்று மட்டும் கேட்டால் குழாய் இணைப்பும் வரும், ஸ்பானர் தலையும் வரும். "உருண்டைப் பிளக்கை 13 ஆம்பியர் பொயின்ட்டில் போட அடப்டர்" என்று கேளுங்கள். பிளக்கையும் கையோடு கொண்டுபோங்கள். நாளைக்குப் பிளக்கையே மாற்றிவிடுவது நல்லது. பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வயரானால் சிவப்பு, கறுப்பு, பச்சை. பிளக்குக்குள் 13 ஆம்பியர் பியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். நெபுலைசருக்கு அது தாராளம்.

நெல்லையிலிருந்து வந்தவள்: கீழ்வீட்டு ஆச்சியிடமே அடப்டர் இருந்தது, அண்ணா. இயந்திரம் ஓடுகிறது. ஊர் கிரைண்டரையும் இதிலேயே போடலாமா?

மின்வேலை செய்பவர்: அதன் தகட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை செருகாதீர்கள்.