பெருந்தொற்றுக் காலத்தில் உங்களை இன்னும் உறுத்தும் சம்பவம் எது?

கணக்குப்பிள்ளை:
ஊரடங்கு தளர்ந்து அலுவலகம் திறந்த சமயம். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தவர், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்த என் சக ஊழியரை உள்ளே அனுப்பிவிட்டார். பக்கத்து இருக்கையில் இருமலை அடக்கியபடியே, "விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். அவர் தலைக்கு மேலேயே, "உடல்நலம் சரியில்லையா? வீட்டிலேயே இருங்கள்" என்று நிர்வாகம் ஒட்டிய சுவரொட்டி. எங்கள் வரிசையில் பலர் படுத்த பிறகு வந்த சுற்றறிக்கை, ஊழியர்களின் பொறுப்பின்மையைக் கண்டித்தது. சம்பளப் பிடித்தம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நேர்வழி:
சுற்றறிக்கையில் என்ன தவறு? என் தந்தை கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தபோது பார்க்க வந்த உறவினர், "நெகட்டிவ் வந்துவிட்டது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தார். பரிசோதனை முடிவே அப்போது வந்திருக்கவில்லை. அவருக்கு யார் சம்பளத்தைப் பிடித்தார்கள்? எல்லாவற்றுக்கும் நிர்வாகத்தைச் சாடுவது எளிது.

இரவுப்பணி:
நான் செவிலி. முகக்கவசம், கையுறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க உற்பத்தியை 40 சதவீதம் பெருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டது. எங்கள் வார்டிலோ ஆளுக்கொரு காகித உறையில் பெயரெழுதி, அதே என்-95 கவசத்தை நாள்கணக்கில் எடுத்து மாட்டினோம். நாடா அறுந்தால் ஸ்டேப்ளர் அடித்தோம். தொற்று வந்த செவிலியிடம் நிரப்பச் சொன்ன படிவத்தில், "காப்புடையைச் சரியாக அணிந்திருந்தீர்களா?" என்ற கேள்வி இருந்தது. "காப்புடை வழங்கப்பட்டதா?" என்ற கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

காற்றுவழி:
எனக்கு நேர்ந்தது சிறியது: கூட்ட அறையில் சன்னலைத் திறக்கச் சொன்னேன், குளிர்சாதனம் வீணாகும் என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் நேர்வழிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த சேர்ந்திசை ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டது, இருவர் இறந்தனர். ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது உண்மைதான். மற்றவர்கள் அன்றைய அறிவுரைப்படி கிருமிநாசினி பூசிக்கொண்டுதான் பாடினார்கள். அதற்குப் பின்பும், மார்ச் 28 அன்று, இது காற்றில் பரவும் நோயல்ல என்றே உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இது காற்றில் பரவுவதைக் கவனத்தில் கொள்ளச் சொல்லி ஜூலையில் 239 அறிவியலாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சொல்லப்படாத ஆபத்துக்குத் தனிமனிதர் எப்படிப் பொறுப்பேற்பார்? எல்லோரும் ஒரு கரியமில வாயு மீட்டர் வாங்கி வையுங்கள். வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். அறைக்குள் அது ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், பிறர் விட்ட மூச்சும் கலந்த காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறங்கள், மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள்.

நேர்வழி:
அறிவியல் தெரியாமல் போனது வேறு, காய்ச்சலை மாத்திரையால் மறைத்தது வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மறைத்தவர் தேறி வந்துவிட்டார். மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கும் சேர்த்துப் பிடித்தம் செய்தார்கள். மீட்டர் யோசனைக்கு நன்றி, ஆனால் எங்கள் கட்டடத்தில் திறக்கக்கூடிய சன்னல் ஒன்றுகூட இல்லை.