ஈதர்நெட் சுவிட்ச்: ஆளியா, மடைமாற்றியா?

கடலூரிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். டிப்ளமோ பிள்ளைகளுக்கான செய்முறைக் கையேடு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு ஆய்வகங்களின் கணினி வலைப்பகுதிகளை ஒரு ஈதர்நெட் சுவிட்ச் (கேபிள் வழியாகக் கணினிகளை இணைக்கும் பெட்டி) வைத்து இணைக்கும் பாடம். ரூட்டருக்குத் 'திசைவி' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. சுவிட்சுக்கு என்ன சொல் போடுவது என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். 'நிலைமாற்றி' என்று எழுதினால் "ஃபேன் சுவிட்சா சார்?" என்கிறான் ஒருவன். அவன் கேட்பது நியாயம். இந்தப் பெட்டி எதையும் போடுவதுமில்லை, அணைப்பதுமில்லை. வரும் சட்டகங்களின் (தரவுத் துண்டுகளின்) அனுப்புநர் முகவரியைப் பார்த்துப் பார்த்தே எந்த மேக் முகவரி (கருவியின் வலை அடையாள எண்) எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) என்று பட்டியல் போட்டுக்கொள்கிறது. பிறகு உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. பட்டியலில் இல்லாத முகவரி என்றால்தான் ஹப் என்னும் சாதாரண இணைப்புப் பெட்டி மாதிரி, வந்த வழி தவிர எல்லாப் பக்கமும் விடும்.

வில்லியனூரிலிருந்து:
தம்பி, ஈழத்தில் சுவிட்சுக்கு 'ஆளி' என்ற சொல் இருக்கிறதே! ஆள் + இ. திசைவி, செயலி போலத்தான். சங்கப் பாட்டில் யானையைத் தாக்கும் ஆளி வேறு, அது விலங்கு. யாறு ஆறாயிற்று, யாடு ஆடாயிற்று. அப்படிப் பார்த்தால் யாளிதான் மூத்ததோ என்பது தனி மடலுக்குரியது. நாளை எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கேபிள் இழுக்கிறவன் நான். எங்கள் பையன்களிடம் 'ஆளி' என்றால் நாட்டுமருந்துக் கடைக்குப் போய் ஆளிவிதை வாங்கி வருவார்கள். பேசாமல் 'சுவிட்ச்' என்றே போடுங்கள்.

வில்லியனூரிலிருந்து:
வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியுமா?

முத்தியால்பேட்டையிலிருந்து:
சரி, 'சுவிட்சு'.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து:
வீராணத்துப் பக்கத்துக்காரன் சொல்கிறேன்: 'மடைமாற்றி'. எந்த வாய்க்காலுக்கு வேண்டுமோ அங்கே மட்டும் விடுவது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடலூரிலிருந்து:
நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தித்தாளில் வருகிறதே என்று முதலில் தயங்கினேன். நேற்று ஆய்வகத்தில் ஒருவன் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டான். விலை குறைந்த பெட்டி, சுழற்சியைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதி அதில் கிடையாது. எல்லாருக்குமாக விட்ட சட்டகம் அதற்குள்ளேயே சுற்றிச்சுற்றிப் பெருகி, பச்சை விளக்குகள் மொத்தமும் ஒன்றாகத் துடித்தன. அத்தனை கணினியும் நின்றுபோயின. "மடை உடைஞ்ச மாதிரி சார்" என்று அவனே சொன்னான். அதனால் தலைப்பில் 'மடைமாற்றி', உள்ளே முதல் தடவை மட்டும் 'சுவிட்ச் என்னும் மடைமாற்றி'. மூன்று பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை.

வில்லியனூரிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. மடை திறக்கும், மூடும்; முகவரி படிக்காது. ஆளியை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

கடலூரிலிருந்து:
பக்கம் கட்டியாகிவிட்டது ஐயா.