ஹோம் மேட்ச் பார்க்க 35 மைல்

வானநீலம்:
எங்கள் இங்கிலாந்துக் கால்பந்து கிளப் கவென்ட்ரி சிட்டி, ஹோம் மேட்ச் ஆட இரண்டு முறை ஊரைவிட்டுப் போனது. 2013-14இல் நார்தாம்ப்டன், 2019 முதல் 2021 வரை பர்மிங்ஹாம். அப்போது நீங்கள் போனீர்களா, போகாமல் இருந்தீர்களா, என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சண்டை மட்டும் வேண்டாம், அது போதுமான அளவு போட்டாயிற்று. நானே தொடங்குகிறேன்.

நான் குன்றில் நின்றவன். விவரம் தெரியாதவர்களுக்கு: 2005இல் திறந்த, அப்போது ரிக்கோ அரீனா என்று பெயர் கொண்ட எங்கள் ஊர் மைதானத்தில் 32 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் அந்தக் காலத்தில் அது கிளப்புக்குச் சொந்தமாக இல்லை. வருட வாடகை மட்டும் 12 லட்சம் பவுண்டுக்கு மேல். மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்ட ஒரு கிளப்புக்கு அது கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வாடகையை நிறுத்தி, வழக்கு, திவால் நடவடிக்கை என்று இழுத்தடித்து, கடைசியில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் நார்தாம்ப்டன் மைதானமான சிக்ஸ்ஃபீல்ட்ஸுக்கு மூட்டை கட்டினார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 35 மைல். எம் 45, எம் 1 என்று மோட்டார்வே பிடித்துப் போய்ப் பார்ப்பதற்குப் பெயர் ஹோம் மேட்ச்!

சிக்ஸ்ஃபீல்ட்ஸுக்கு வெளியே ஒரு புல்மேடு உண்டு. உள்ளே போகாமல் எதிர்ப்பு தெரிவித்தவர்கள் அங்கே ஏறி நின்றார்கள். அதற்கு ‘ஜிம்மிஸ் ஹில்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அறுபதுகளில் எங்கள் மேனேஜராக இருந்து வானநீலச் சட்டையைக் கொண்டுவந்தவர் ஜிம்மி ஹில். ஆங்கிலத்தில் ஹில் என்றால் குன்று. அந்தக் கோபத்திலும் இந்தக் குறும்புக்குக் குறைவில்லை.

அங்கிருந்து ஆட்டம் முழுதாகத் தெரியாது. பந்து ஸ்டாண்டின் கூரைக்குப் பின்னால் போய்விட்டால் அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் எழுகிறார்களா, தலையில் கை வைக்கிறார்களா என்று பார்த்துத்தான் என்ன நடந்தது என்று ஊகிப்போம். கூட்டம் அவ்வளவு குறைவு என்பதால் கோல்கீப்பர் தன் ஆட்களை அதட்டுவது மேடு வரைக்கும் கேட்கும். ஒரு நவம்பர் சனிக்கிழமை மகனைக் கூட்டிப் போயிருந்தேன். ஏழு வயது. என் தோளில் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, உள்ள அத்தனை சீட் காலியா இருக்கே, நாம ஏன் வெளியே நிக்கிறோம்?” என்றான். இனி ஒரு பென்னிகூடக் கொடுப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஜேபியிலிருந்து ஒரு பவுண்டு காசை எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். “இது என்னோட காசு. இதக் குடுக்கலாம்ல?” தொலைத்துவிடுவாய், நானே வைத்திருக்கிறேன் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

கடைசி வரிசை:
நான் உள்ளே போனவன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

அங்கே முதல் ஆட்டம் 2013 ஆகஸ்ட் 11, பிரிஸ்டல் சிட்டியுடன். 5-4 என்று ஜெயித்தோம். ஒன்பது கோல்! இப்படி ஓர் ஆட்டம் ஒருவர் வாழ்நாளில் எத்தனை முறை வாய்க்கும்? பார்த்தவர்கள் 2,204 பேர். தண்டனையாகப் பத்துப் புள்ளிகளைக் கழித்துவிட்டுத்தான் அந்த சீசனையே தொடங்கினோம், அதனால் ஜெயித்தும் கணக்கு மைனஸிலேயே நின்றது. கேலம் வில்சன், லியான் கிளார்க் இருவரும் அந்த வருடம் ஆடிய ஆட்டத்தை நம் ஊரிலேயே பாதிப் பேர் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். முந்தைய வருடம் சராசரியாகப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்த இடத்தில் அந்த வருடச் சராசரி 2,348.

நான் போனதற்குக் கொள்கை எதுவும் இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாது, அவ்வளவுதான். ரிக்கோவில் எட்டு வருடம் என் பக்கத்து சீட்டில் இருந்தவர் குன்றுக்குப் போனார். ஒருநாள் கேட் அருகே எதிரெதிரே வந்துவிட்டோம். அவர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துகொண்டார். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை.

2014 செப்டம்பர் 5, வெள்ளி இரவு, கில்லிங்ஹாமுக்கு எதிராக ரிக்கோவுக்குத் திரும்பினோம். 27,306 பேர். ஃபிராங்க் நூப்ளே கோல் அடிக்க, 1-0. பழைய வரிசை, பழைய சீட். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார், முன்பெல்லாம் நீட்டுவாரே அதேபோல. அந்த ஒரு வருடத்தைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை.

நார்தாம்ப்டன் வாசி:
நீங்கள் வந்த சனிக்கிழமைகளில் எங்கள் பக்கம் கார் நிறுத்த ஒரு சிரமமும் இருந்ததில்லை. நாலாம் டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த எங்கள் டீமுக்கே அதைவிட அதிகக் கூட்டம். தப்பாக நினைக்காதீர்கள்.

ரயில் பயணி:
எனக்கு பர்மிங்ஹாம் காலம்தான் தெரியும். படிக்க வந்த புதிது. கவென்ட்ரியிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, அதனால் நார்தாம்ப்டன் அளவுக்கு வலித்திருக்காது. ஆனால் அதில் வேறு மாதிரிப் பைத்தியக்காரத்தனம் உண்டு. 2020 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் எங்களுக்கு வாய்த்த எதிரணி யார் தெரியுமா? பர்மிங்ஹாம் சிட்டியேதான். அவர்கள் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸில்தான் நாங்கள் குடியிருந்தோம். அங்கே நாங்கள் ஹோம், வீட்டுக்காரர்கள் விருந்தாளி. என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் சொந்த மைதானத்துக்கு அவே டிக்கெட் வாங்கி வந்தான், வழியெல்லாம் புலம்பிக்கொண்டே. 0-0. சரி, மறு ஆட்டம் எங்கே? அதே செயின்ட் ஆண்ட்ரூஸ். இம்முறை அவர்கள் ஹோம். 2-2 ஆகி, பெனால்டியில் தோற்றோம். ஒரே மைதானத்தில் ஹோமும் ஆடி அவேயும் ஆடிய சீசன் அது.

அந்த வருடம்தான் அப்போதைய மேனேஜர் மார்க் ராபின்ஸின் அணி மூன்றாம் டிவிஷனை வென்றது. கொரோனாவால் 34 ஆட்டங்களோடு நிறுத்தி, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டுக் கோப்பையைக் கொடுத்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோனில் செய்தி வந்தது. ஈரக் கையோடு ஜன்னலைத் திறந்து கத்தினேன். தெருவில் ஆளே இல்லை. அடுத்த சீசன் முழுக்க டிவியில்தான், அதுவும் பர்மிங்ஹாமின் காலி நாற்காலிகளுக்கு முன்னால்.

ஊர் திரும்பியது 2021 ஆகஸ்ட் 8, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன். 80 நிமிடம் வரை 0-1. யோக்கெரெஸ் சமன் செய்தார். 96ஆவது நிமிடத்தில் மெக்ஃபேட்சீன் ஒன்று போட்டார் பாருங்கள்! முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைத் தூக்கியே விட்டார்.

கடற்கரைக் காகம்:
நான் பிரைட்டன் ஆள். உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன், ஆனாலும் ஒன்று. எங்கள் கோல்ட்ஸ்டோன் மைதானம் 1997இல் கைவிட்டுப் போனது. முதல் இரண்டு வருடம் 70 மைலுக்கு மேல் பயணம் செய்து கில்லிங்ஹாமில் ஹோம் மேட்ச். அப்புறம் ஊருக்கே திரும்பினோம், ஓர் ஓட்டப்பந்தய மைதானத்துக்கு. அங்கே 12 வருடம், கோலைப் பார்க்க ஓடுதளத்தைத் தாண்டிக் கண்ணை இடுக்கிக்கொண்டு. சொந்த மைதானம் 2011இல்தான் வந்தது. உங்கள் குன்று எங்கள் சீட்டைவிட நல்ல இடம் போலத் தெரிகிறது.

வானநீலம்:
காகம், தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே எழுதியதையெல்லாம் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது என்னைவிட உயரம், தன் காசில் சீசன் டிக்கெட் வாங்குகிறான். குன்று அவனுக்கு லேசாகத்தான் நினைவிருக்கிறதாம், குளிர் மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம். “அந்த ஒரு பவுண்ட திருப்பிக் குடுத்தீங்களா?” என்று கேட்டான்.

கொடுக்கவில்லை.