அக்லோனிமா தண்டு ஒரு அடிக்கு மொட்டையா நீண்டுடுச்சு, எங்கே வெட்டறது?

நிழல்தொட்டி:
வணக்கம். நர்சரியில லிப்ஸ்டிக்னு சொல்ற சிவப்பு விளிம்பு அக்லோனிமா, 6 இன்ச் தொட்டியில இருக்கு. கீழ் இலையெல்லாம் உதிர்ந்து உச்சியில மட்டும் ஏழெட்டு இலை. உச்சியை வெட்டி நடலாமா? தண்ணியில வைக்கணுமா, மண்ணிலயா? மிச்ச மொட்டைத் தண்டு துளிர்க்குமா? கையில செம்மண், சாண உரம் கலந்த கலவைதான் இருக்கு. கிழக்குப் பார்த்த பால்கனி, போர் தண்ணி.

இலைக்காரன்:
தாராளமா வெட்டலாம். இலை உதிர்ந்த இடத்துல தண்டைச் சுத்தி வளையத் தழும்பு இருக்கே, அதுதான் கணு. உத்துப் பார்த்தா சில கணுவுல கடுகு அளவுக்கு வெளிறின முண்டு தெரியும். அது வேர் முளை. அப்படி முண்டு உள்ள கணு குறைஞ்சது ரெண்டு உச்சித் துண்டுல வர்ற மாதிரி, அதுக்குக் கீழே ஒரு விரல்கடை விட்டு வெட்டுங்க. இலை நாலைஞ்சு போதும், கீழே இருக்கறதை எடுத்துடுங்க.

கத்தரி வேண்டாம், தண்டு சதைப்பற்றா இருக்கறதால நசுங்கும். ஸ்பிரிட்ல துடைச்ச கூரான கத்தி எடுங்க. சாறு பட்டா கை அரிக்கும் (கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள்), அதனால கையுறை அவசியம். குழந்தைங்க, பூனை இருக்கற வீட்டுல வெட்டின துண்டைக் கீழே போட்டு வைக்காதீங்க. வெட்டு வாய் காயற வரைக்கும் ஒரு ராத்திரி நிழல்ல கிடக்கட்டும்.

செம்மண் கலவையை இதுக்குத் தொடாதீங்க. சின்னத் தொட்டியில அது இறுகிக் காத்தை அடைச்சிடும். அக்லோனிமா துண்டு அழுகறது பெரும்பாலும் தண்ணி அதிகமாகிறதாலன்னு சொல்லுவாங்க. உண்மையில அடியில காத்து இல்லாததுதான் காரணம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) 2 பங்கு, பட்டாணி அளவு கரித்துண்டு 1 பங்கு. பெர்லைட் விலை கட்டலைன்னா கருக்கிய உமி போடலாம். கோகோபீட்டை மூணு தடவை ஊற வைச்சு வடிச்சிடுங்க, உப்பு போகணும். கலவையைக் கையில பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக்கூடாது.

4 இன்ச் தொட்டி, ரெண்டு கணு உள்ளே, ஆழம் 5 செ.மீ.க்கு மேல வேண்டாம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையை மேலே கவிழ்த்து, வெயில் நேரா படாத வெளிச்சத்துல வையுங்க. நம்ம ஊர் சூட்டுக்கு நாலு முதல் ஆறு வாரத்துல வேர் வரும். ஒரு விஷயம்: புது இலை விரிஞ்சதும் வேர் பிடிச்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. தண்டுல இருக்கற சேமிப்பை வைச்சே ஒரு இலை விட்டுடும். தொட்டி ஓட்டையில வேர் எட்டிப் பார்த்த பிறகுதான் உரம்: தழை, மணி, சாம்பல் சத்து சமமா உள்ள 19:19:19, லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒரு தடவை.

கிணற்றடி:
தண்ணீர் முறையும் மோசமில்லை, வேர் வளர்வது கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு கணு மட்டுமே மூழ்க வேண்டும். பலர் பாதித் தண்டை முக்கிவிடுகிறார்கள், அதுதான் கொழகொழப்பாகிறது. பாசி பிடிக்காமல் இருக்க நிறக் கண்ணாடிக் குப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர். வேர் 3 செ.மீ. ஆனதும் கலவைக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் அந்த நீர்வேர்கள் மண்ணில் உடைந்து வீணாகும்.

பச்சைமடல்:
ஒரே செடிதான் இருக்குன்னா நான் விண்பதியம்தான் சொல்வேன், அறுக்கறதுக்கு முன்னாடியே வேர் கையில இருக்கும். செம்பருத்தி, குரோட்டன்ஸ் மாதிரி பட்டையை வளையமா உரிக்க வேண்டாம். இது ஒருவித்திலை, உரிக்கறதுக்குத் தனிப் பட்டையே கிடையாது. வேர் முண்டு உள்ள கணுவைச் சுத்தி நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பேக்னம் பாசி ஒரு கைப்பிடி, மேலே பாலிதீன், ரெண்டு முனையிலும் கட்டு. வேர் பாசிக்கு வெளியே தெரிஞ்சதும் அதுக்குக் கீழே வெட்டுங்க.

மொட்டைத் தண்டு கண்டிப்பா துளிர்க்கும். மண்ணுக்கு மேல 5 முதல் 7 செ.மீ. அடிக்கட்டை விடுங்க. இலையே இல்லாததால தண்ணி உறிஞ்சாது, வழக்கமா ஊத்தற அளவு ஊத்தினா வேரோட போயிடும். மேல் மண் ரெண்டு இன்ச் காய்ஞ்ச பிறகு ஊத்தினா போதும். நடுத்தண்டை ரெண்டு கணு துண்டுகளா நறுக்கி, படுக்க வைச்சு, பாதி மட்டும் புதையற மாதிரி வையுங்க. மொட்டு மேல் பக்கம் இருக்கணும். சிவப்பு ரகத்துல பச்சையம் குறைச்சல், அதனால முழுப் பச்சை ரகத்தை விட மெதுவா வரும். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீங்க.

நிழல்தொட்டி:
ரொம்ப நன்றிங்க. அடி அழுக ஆரம்பிச்சா சாஃப் (பூஞ்சைக்கொல்லிப் பொடி) போட்டா நிக்குமா? நடுவுல ஒரு பூப்பாளையும் வருது, விடலாமா?

இலைக்காரன்:
முதல்ல மோந்து பாருங்க. கொழகொழன்னு நாத்தம் அடிச்சா பாக்டீரியா அழுகல், அதுக்கு எந்தப் பூஞ்சைக்கொல்லியும் கேட்காது. வெள்ளைச் சதை தெரியற வரைக்கும் மேலே ஏத்தி வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைங்க, பழைய கலவையைக் கொட்டிடுங்க. நாத்தம் இல்லாம பழுப்பா இருந்தா சாஃப் லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு ஊத்தலாம். ஆனா அதுல இருக்கற கார்பென்டாசிம்ங்கற மருந்து பித்தியத்தை (வேரை அழுக வைக்கற பூஞ்சை மாதிரியான கிருமி) தொடாது. வேர் தோல் உரிஞ்சு நூல் மட்டும் மிஞ்சினா அது பித்தியமா இருக்கலாம், அதுக்கு மெட்டலாக்சில் உள்ள மருந்துதான் வேணும்.

பாளையை இப்பவே கிள்ளிடுங்க, துளிருக்குப் போக வேண்டிய சத்தைத் தின்னும். கலப்பின ரகம், விதை கட்டினாலும் தாய்ச்செடி நிறம் வராது.

கிணற்றடி:
போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் இலை ஓரம் கருகும். வேர் விடும் வரை மட்டுமாவது மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேருகிறது.